ரோம உடையும் வெளி ஆட்களும்: ஃபர்ரி பண்பாட்டின் நாற்பது ஆண்டுகள்

ஃபர்ரி என்று சொன்னதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நாய் வேஷம் போட்டுக்கிட்டு சுத்துவாங்களே, அவங்களா?" என்பதுதான். பாதி சரி. வேஷம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தங்களை ஃபர்ரி என்று சொல்லிக்கொள்பவர்களில் பெரும்பாலானவர்களிடம் தலை முதல் கால் வரை மூடும் அந்த உடை கிடையாது. பலர் படம் வரைகிறார்கள், கதை எழுதுகிறார்கள், அல்லது அடுத்தவர் வரைந்ததைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். மனிதரைப்போல் நிமிர்ந்து நடக்கும், பேசும், சட்டை போடும் விலங்குப் பாத்திரங்கள் மீது ஈடுபாடு உள்ளவர்கள் ஃபர்ரிகள். அவ்வளவுதான் விளக்கம். அந்த ஈடுபாட்டின் ஒரு கிளைதான் உடை.

ஆனாலும் வெளியில் இருப்பவர்களுக்கு உடைதான் வாசல். செய்தியாளர், பேராசிரியர், அரசியல்வாதி, ஹோட்டல் ஊழியர் என்று கடந்த முப்பது நாற்பது வருடங்களில் இவர்களைப் புரிந்துகொள்ள வந்தவர்கள் எல்லாரும் அந்த ரோமத் தலையின் முன்னால் வந்து நின்றவர்களே. அதைப் பார்த்து ஒவ்வொருவரும் ஒவ்வொரு முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் சிரிப்பு இருக்கிறது, ஆய்வு இருக்கிறது, ஒரு விடியற்காலையில் மாடிப்படியில் கொட்டப்பட்ட குளோரினும் இருக்கிறது.

தொடக்கம்: காகிதமும் பென்சிலும்

இந்தப் பண்பாடு உடையிலிருந்து தொடங்கவில்லை. 1970களின் அமெரிக்காவில் அறிவியல் புனைவு வாசகர்களுக்கும் காமிக்ஸ் வாசகர்களுக்கும் நடுவே சின்னச் சின்னக் குழுக்கள் இருந்தன. 1976ல் மினியாபொலிஸில் ரீட் வாலரும் கென் ஃப்ளெட்சரும் 'வூட்டி' என்ற சுற்றிதழைத் தொடங்கினார்கள். சுற்றிதழ் என்றால், உறுப்பினர் ஒவ்வொருவரும் தான் வரைந்த பக்கங்களைப் பிரதியெடுத்து அனுப்ப, ஒருவர் அதையெல்லாம் சேர்த்துத் தைத்து மறுபடி எல்லாருக்கும் அஞ்சலில் அனுப்புவார். இன்றைய வாட்சாப் குழுதான், தபால்தலை ஒட்டிய வாட்சாப். விலங்குப் பாத்திரங்கள் குழந்தைகளுக்கு மட்டும் உரியவை அல்ல என்பது அவர்கள் கட்சி.

1977ல் லாஸ் ஏஞ்சலஸில் ஜப்பானிய அசைவுப் படங்களைப் பார்ப்பதற்காக ஒரு மன்றம் தொடங்கப்பட்டது. ஃபிரெட் பாட்டன், மார்க் மெர்லினோ இருவரும் அதன் தொடக்க உறுப்பினர்கள். பிற்காலத்தில் ஃபர்ரி வரலாற்றை எழுதியவர்களில் முதன்மையானவர் பாட்டன். அந்தத் தலைமுறை சிறுவயதில் பார்த்து வளர்ந்தது ஒசாமு தெசுகாவின் வெள்ளைச் சிங்கம் கிம்பாவை. 1973ல் டிஸ்னியின் 'ராபின் ஹூட்' வந்தது. அதில் நாயகன் ஒரு நரி. இந்தப் படத்தில்தான் எல்லாம் தொடங்கியது என்று சொல்லும் ஃபர்ரிகளை இன்றும் பார்க்கலாம்.

1980ல் பாஸ்டனில் உலக அறிவியல் புனைவு மாநாடு நடந்தது. அமெரிக்க விமானப்படையில் பணிபுரிந்த ஸ்டீவ் கலாச்சி, அதன் ஓவியக் கண்காட்சியில் ஒரு படம் வைத்தார். படத்தில் இருந்தது இராணுவச் சீருடை அணிந்த ஒரு பூனைப் பெண். வேடிக்கைக்காக வரைந்தது இல்லை, முழுக்கத் தீவிரமான போர்க்கதையின் பாத்திரம். அதைப் பார்த்து நின்றவர்கள் பேசத் தொடங்கினார்கள். மாநாடு மாநாடாகப் பேச்சு தொடர்ந்தது. அந்தக் கதை பிறகு 'அல்பீடோ' என்ற காமிக்ஸ் ஆனது. ஸ்டான் சகாயின் முயல் சாமுராய் உசாகி யோஜிம்போ முதலில் வந்ததும் 1984ல் 'அல்பீடோ'வின் இரண்டாம் இதழில்தான். அதே ஆண்டு 'ரவ்பிராசில்' என்ற இன்னொரு சுற்றிதழும் தொடங்கியது.

கலிபோர்னியாவில் மெர்லினோவும் அவர் துணைவர் ராட் ஓரைலியும் அறிவியல் புனைவு மாநாடுகளில் ஹோட்டல் அறை எடுத்து ஃபர்ரி விருந்துகள் நடத்தினார்கள். விருந்து வளர்ந்து தனி மாநாடானது. 1989 ஜனவரியில் கோஸ்டா மேசாவில் நடந்த முதல் கூடுகைக்கு 'கான்ஃபரன்ஸ் சீரோ' என்று பெயர். சோதனை ஓட்டம் என்பதால் பூஜ்யம். பொறியாளனாக எனக்குப் பிடித்த பெயரிடல் இது. வந்தவர்கள் 65 பேர். அதில் வேடம் போட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்ற எல்லார் கையிலும் வரைபுத்தகம் இருந்தது.

உடையின் தலைமுறைக் கணக்கு

அப்படியானால் உடை எங்கிருந்து வந்தது? அதன் பாட்டன் பூட்டன் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள்.

ஒரு பக்கம் ரசிகர் மாநாடுகள். 1939ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைவு மாநாட்டுக்கு மிர்ட்டில் டக்ளஸ் என்ற பெண் தனக்கும் நண்பர் ஃபாரஸ்ட் அக்கர்மனுக்கும் எதிர்கால மனிதர்களின் உடை தைத்துப் போட்டு வந்தார். இன்றைய காஸ்ப்ளே பரம்பரையை அங்கிருந்து எண்ணுகிறார்கள்.

மறுபக்கம் வணிகம். 1955ல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது மிக்கி மவுஸ் உடைகள்கூட பனிச்சறுக்கு நடனக் குழு ஒன்றிடமிருந்து இரவல் வாங்கியவை. 1974ல் சான் டியேகோவில் ஒரு வானொலி நிலையத்தின் விளம்பரத்துக்காக ஒருவர் கோழி வேடம் போட்டார். அந்தக் கோழி பேஸ்பால் மைதானத்தில் விளையாட்டு வீரர்களைவிடப் பிரபலமானது. 1978ல் பிலடெல்பியா அணிக்குப் பச்சை நிறத்தில் 'ஃபனாட்டிக்' வந்தது. அதன்பிறகு அணிக்கு ஒரு விலங்கு என்றாகிவிட்டது.

நுட்பத்தில் ஃபர்சூட் இந்த விளையாட்டுச் சின்ன உடையின் பிள்ளைதான். 'ஃபர்சூட்' என்ற சொல் 1993ல் ராபர்ட் கிங் என்பவர் உருவாக்கியது என்பார்கள். வேறுபாடு துணியில் இல்லை, சொத்துரிமையில் இருக்கிறது. மைதானத்துக் கோழி நிறுவனத்தின் சொத்து. உள்ளே இருப்பவர் சம்பளத்துக்கு வேலை செய்கிறார். அவர் விலகினால் இன்னொருவர் உள்ளே நுழைவார், கோழிக்கு ஒன்றும் ஆகாது. ஃபர்சூட்டில் உள்ள பாத்திரம் அதைப் போட்டிருப்பவர் தானே உருவாக்கியது. அதற்கு ஃபர்சோனா என்று பெயர். என்ன விலங்கு, என்ன நிறம், காதில் எங்கே புள்ளி, என்ன குணம் எல்லாம் அவர் தீர்மானித்தது. ஓநாய், நரி, நாய், பெரும்பூனைகள், டிராகன் இவைதான் அதிகம். இரண்டு விலங்குகளைக் கலந்தும் உருவாக்குவார்கள். அந்தப் பாத்திரத்தை இன்னொருவர் போட முடியாது, போட்டால் அது திருட்டு மாதிரி.

வெளி ஆட்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். காசுக்காக ஒருவர் கரடி வேடம் போட்டால் நமக்குப் புரிகிறது. பேரங்காடியில் பொருள் விற்கும் கரடியோடு செல்ஃபி எடுத்துக்கொள்கிறோம். யாரும் காசு கொடுக்காமல், தானே காசு செலவழித்து ஒருவர் அதே வேடத்தைப் போட்டால், உடனே அவருக்கு என்ன பிரச்சினை என்று கேட்கத் தோன்றுகிறது.

உள்ளே எப்படி இருக்கிறது

உடையின் கட்டுமானத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிரிக்கிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத பகுதி இது.

தலையின் அடித்தளம் சோபா மெத்தைக்குள் இருக்கும் அதே ஸ்பாஞ்ச்தான். தலை அளவுக்கு ஒரு கூடு கட்டி, மேலே துண்டு துண்டாக ஒட்டி, கத்தரிக்கோலால் செதுக்கி மூக்கும் கன்னமும் கொண்டுவருவார்கள். இப்போது பலர் முப்பரிமாண அச்சில் கூட்டை அடித்துக்கொள்கிறார்கள். அதன்மேல் செயற்கை ரோமத் துணி. இதை நேராகக் கத்தரித்தால் ரோமமும் சேர்ந்து வெட்டுப்பட்டு, தையல் போட்ட இடத்தில் மொட்டையாகக் கோடு தெரியும். அதனால் துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தை மட்டும் பிளேடால் கீறுவார்கள். முகத்தில் ரோமம் குட்டையாகவும் கழுத்தில் நீளமாகவும் இருக்க வேண்டும். அதற்கு நாய்க்கு முடி வெட்டும் மின்கருவி பயன்படுகிறது.

கண்தான் நுணுக்கமான இடம். கண்ணின் வெள்ளைப் பகுதியையும் பாவையையும் தட்டையாக வைக்காமல் உட்குழிவாக ஆழத்தில் வைக்கிறார்கள். அப்படி வைத்தால் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அந்தக் கண் நம்மையே பார்ப்பதுபோல் இருக்கும். பாவை இருக்கும் இடத்தில் வண்ணம் பூசிய வலைத்துணி. வெளியிலிருந்து பார்த்தால் கறுப்பு, உள்ளிருந்து பார்த்தால் ஜன்னல். ஆனால் சின்ன ஜன்னல். காலடியில் ஒரு குழந்தை நின்றால் தெரியாது, படிக்கட்டு தெரியாது. அதனால் கூடவே ஒரு நண்பர் சாதாரண உடையில் வருவார். வழி சொல்வது, தண்ணீர் கொடுப்பது, வாலைப் பிடித்து இழுப்பவர்களைத் தடுப்பது எல்லாம் அவர் வேலை.

உடல் அளவுக்கு இன்னொரு தந்திரம் இருக்கிறது. பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பவர்மேல் டக்ட் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டி, பிறகு முதுகில் வெட்டிக் கழற்றி, அந்தக் கூட்டைத் தையற்காரருக்கு அனுப்பிவிடுவார்கள். வேறு நாட்டில் இருப்பவருக்கும் அளவு பிசகாமல் தைக்கலாம். விலங்கின் பின்னங்கால் மாதிரி தெரிய வேண்டுமென்றால் தொடையிலும் கெண்டைக்காலிலும் பஞ்சு வைத்துப் புடைக்க வைப்பார்கள். மனிதக் கால் நேராகத்தான் இருக்கும், பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் வளைந்து தெரியும்.

பாணியிலும் வேறுபாடு உண்டு. அமெரிக்க உடைகளில் நீண்ட மூக்கு, கார்ட்டூன் முகபாவம். ஜப்பானில் வளர்ந்த 'கெமோனோ' பாணியில் மூக்கு சின்னது, கண் பெரியது, அனிமே முகம். முழு உடைக்கு ஆயிரக்கணக்கான அமெரிக்க வெள்ளி ஆகும். பேர்போன தையற்கலைஞர்களிடம் வரிசையில் காத்திருக்க வேண்டும். தலை, கை, வால் மட்டும் வாங்குகிறவர்களும் உண்டு.

இனி வெப்பம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஆடினால் அது பல மடங்காகும். அந்த வெப்பத்தை வெளியேற்ற உடலுக்கு இருக்கும் சிறந்த வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். ஆனால் அது ஆவியானால்தான். ஸ்பாஞ்சுக்கும் ரோமத்துக்கும் நடுவே காற்று அசையாது, ஈரப்பதம் சீக்கிரமே நிறைந்துவிடும், வியர்வை வெறுமனே வழியும், உடல் குளிராது. தலைக்குள் சின்ன மின்விசிறி வைப்பது குளிர்ந்த காற்றுக்காக இல்லை, ஈரக் காற்றை வெளியே தள்ளுவதற்காக. மாநாடுகளில் தலையைக் கழற்றி வைத்து இளைப்பாற ஒரு தனி அறை இருக்கும். பெரிய மின்விசிறிகளும் தண்ணீரும் வைத்திருப்பார்கள். படம் எடுக்க அனுமதி இல்லை.

கோலாலம்பூரில் ஆண்டுதோறும் நடக்கும் காமிக் ஃபியஸ்தாவில் ஒருமுறை ஒரு நீல ஓநாயைப் பார்த்தேன். ஏர்கோன் போட்ட மண்டபம்தான், ஆனாலும் பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் அது ஒரே இடத்தில் நிற்கவில்லை. கூட வந்த பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தோளைத் தட்டினார். ஓநாய் சுற்றியிருந்த குழந்தைகளுக்குக் கைகாட்டிவிட்டு உடனே நகர்ந்தது. நம் ஊர்ச் சூட்டில் இதைப் போடுகிறவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை.

முதல் வெளி ஆள்: கேமரா

1990களில் இணையம் வந்ததும் கூட்டம் பெருகியது. 1995ல் ஜெர்மனியில் யூரோஃபரன்ஸ், 1997ல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் ஆந்த்ரோகான் தொடங்கின. கூட்டம் பெருகியதும் கேமராக்கள் வந்தன.

2001 மார்ச்சில் 'வேனிட்டி ஃபேர்' இதழில் ஜார்ஜ் கர்லி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். மாநாட்டுக்கு நேரில் போய்ப் பலரிடம் பேசி எழுதியதுதான். ஆனால் படித்து முடித்தவர் மனதில் நின்றது பாலியல் மட்டுமே. 2003 அக்டோபரில் 'சிஎஸ்ஐ' தொடர் ஒரு ஃபர்ரி மாநாட்டை மையமாக வைத்து ஒரு பகுதியை ஒளிபரப்பியது. அன்றைக்கு அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த தொடர்களில் ஒன்று அது. ஒரு ஃபர்ரியைக்கூட வாழ்க்கையில் பார்த்திராத இலட்சக்கணக்கானவர்களுக்கு அந்த ஒரு மணி நேரமே முழு அறிவாகிவிட்டது.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பாலியல் பக்கம் கற்பனையில்லை. வயதுவந்தோருக்கான ஓவியங்களும் கதைகளும் ஆரம்பத்திலிருந்தே இந்தப் பண்பாட்டில் உண்டு. அதைப்பற்றி உள்ளுக்குள்ளேயே பெரிய சண்டை நடந்தது. 1998ல் 'பர்ன்ட் ஃபர்ஸ்' என்று ஒரு குழு கிளம்பி, இதையெல்லாம் வெளியேற்ற வேண்டும் என்று பிரகடனமே செய்தது. சில வருடங்களில் கலைந்தும் போனது. பிரச்சினை அந்தப் பக்கம் இருக்கிறதா இல்லையா என்பதில் இல்லை. எந்தப் பெரிய ரசிகர் கூட்டத்திலும் அது இருக்கும். அதை மட்டும் எடுத்து, உடையோடு ஒட்டி, உடை போட்டவன் எல்லாம் இதற்காகத்தான் போடுகிறான் என்று காட்டியதுதான் பிரச்சினை. மேலே சொன்ன வெப்பக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி எவ்வளவு தூரம் நடக்கும் என்பது தானாகவே தெரிந்திருக்கும்.

விளைவு, மாநாடுகள் கதவைச் சாத்தின. ஆந்த்ரோகானின் தலைவர் சாமுவேல் கான்வே ஒரு வேதியியலாளர். செய்தியாளர்கள் முன்கூட்டிப் பதிய வேண்டும், கூடவே ஆள் வரும், இதைக் கேட்கலாம், அதைக் கேட்கக்கூடாது என்று கறாரான விதிகள் வந்தன. காயம்பட்ட கூட்டம் அப்படித்தான் செய்யும். ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. 2016ல் டொமினிக் ரோட்ரிகஸ் என்ற பிட்ஸ்பர்க் இளைஞர் 'ஃபர்சோனாஸ்' என்ற ஆவணப்படம் எடுத்தார். தானும் ஃபர்ரிதான் என்று சொல்லியே எடுத்த படம். வெளியே எல்லாரும் சாதுவாகச் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டும் என்று தலைமை வற்புறுத்துவதும் ஒருவகை முகமூடிதானே என்று அந்தப் படம் கேட்டது. உள்ளேயிருந்து வந்த கேள்வி என்பதால் அதற்கு எடை இருந்தது.

இரண்டாவது வெளி ஆள்: கேள்வித்தாள்

கேத்லீன் ஜெர்பாசி நயாகரா வட்டாரத்தின் ஒரு சமூகக் கல்லூரியில் உளவியல் பேராசிரியர். ஊடகங்கள் சொல்வது உண்மையா என்று பார்க்க, மாநாட்டுக்குப் போய் ஃபர்ரிகளிடமே கேள்வித்தாளைக் கொடுத்தார். 2008ல் அவரும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை ஓர் ஆய்விதழில் வந்தது. பரபரப்பான படிமங்களில் பலவற்றுக்குத் தரவில் ஆதரவு இல்லை என்றது.

ஆனால் அதே கட்டுரை இன்னொன்றும் செய்தது. தங்களை முழுக்க மனிதர் இல்லை என்று உணர்வதாகச் சொன்ன ஒரு சிறு பிரிவினரை விளக்க, 'உயிரின அடையாளக் குறைபாடு' போல ஒன்று இருக்கலாமா என்று கேட்டது. அன்றைய மருத்துவக் கையேட்டில் இருந்த பாலின அடையாளக் குறைபாட்டை மாதிரியாக வைத்துக் கேட்டது. 2011ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஃபியோனா புரோபின்-ராப்சி இதை விமர்சித்து அதே இதழில் எழுதினார். ஏற்கெனவே பிரச்சினைக்குரிய ஒரு அச்சை எடுத்து, புதிய மனிதர்களை அதில் ஊற்றலாமா என்பது அவர் வாதத்தின் சாரம். எனக்கு இந்த விவாதம் முக்கியமாகப் படுகிறது. நல்லெண்ணத்தோடு வந்த வெளி ஆளும், கையில் ஏற்கெனவே இருக்கும் பெட்டியைத்தான் முதலில் திறக்கிறார்.

ஆனால் ஜெர்பாசி அங்கேயே நின்றுவிடவில்லை. கோர்ட்னி பிளான்ட், ஸ்டீபன் ரேசன், ஷாரன் ராபர்ட்ஸ் ஆகியோருடன் சேர்ந்து வருடக்கணக்காகத் திரும்பத் திரும்பப் போனார்கள். 'ஃபர்சயன்ஸ்' என்ற பெயரில் முடிவுகளை அந்த மக்களுக்கே புரியும்படி திருப்பிக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் பதின்வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் இருப்பவர்கள், ஆண்கள் அதிகம், பாலியல் சிறுபான்மையினர் பொதுச் சமூகத்தைவிட மிக அதிகம், பள்ளி வயதில் கொடுமைக்கு உள்ளானவர்களும் அதிகம், ஃபர்ரிகளில் பெரும்பான்மையோர் தங்களை முழு மனிதராகவே கருதுகிறார்கள் என்பவை அவர்கள் கண்டவற்றில் சில. கடைசிச் செய்தியைக் கவனியுங்கள். விலங்காக மாற விரும்புகிறார்கள் என்ற பொதுக் கருத்து பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தாது.

மூன்றாவது: ஓர் ஊர்

2006ல் ஆந்த்ரோகான் பிட்ஸ்பர்க்குக்கு வந்தது. எஃகு ஆலைகளின் ஊர். முதல் வருடம் சுமார் இரண்டாயிரத்து ஐநூறு பேர். 2023ல் பதின்மூவாயிரத்தைத் தாண்டியது. ஊர்க்காரர்கள் யாரும் ஆய்வுக்கட்டுரை படிக்கவில்லை. மாநாட்டு மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய உணவகக்காரர் ரோமத் தலைகள் கண்ணாடிக் குவளையில் குடிக்கத் தடுமாறுவதைப் பார்த்து உறிஞ்சுகுழல் வாங்கி வைத்தார். மற்ற கடைக்காரர்களும் வரவேற்புப் பலகை வைக்கத் தொடங்கினார்கள். பின்னாளில் ஃபர்சூட் ஊர்வலம் மண்டபத்தை விட்டுத் தெருவுக்கு வந்தபோது குடும்பங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தன.

வியாபாரம்தானே என்று சொல்லலாம். வியாபாரம்தான். ஆனால் உறிஞ்சுகுழல் வாங்கியவர் ஒரு சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். இவர்கள் ஏன் இப்படி என்பதை விட்டுவிட்டு, இவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டார்.

சிரிப்பும் குளோரினும்

2014 டிசம்பர் 7, ஞாயிறு விடியற்காலை. சிகாகோவுக்கு அருகே ரோஸ்மான்ட்டில் மிட்வெஸ்ட் ஃபர்ஃபெஸ்ட் மாநாடு நடந்துகொண்டிருந்த ஹோட்டலில் குளோரின் வாயு பரவியது. மாடிப்படி ஒன்றில் பொடியாகக் கொட்டப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் குளிரில் வெளியேற்றப்பட்டார்கள். 19 பேர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று காவல்துறை கருதியது. யார் செய்தது என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை.

மறுநாள் அமெரிக்காவின் ஒரு தேசியத் தொலைக்காட்சியில் காலைச் செய்தி. தொகுப்பாளர் செய்தியை வாசிக்கும்போது ஃபர்ரி என்றால் என்னவென்று புரிந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் இருக்கையை விட்டே எழுந்து ஓடினார். அந்தக் காட்சி இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. நச்சு வாயுத் தாக்குதல் பற்றிய செய்தி அது. பாதிக்கப்பட்டவர்கள் ஒரு மருத்துவர் மாநாட்டுக்கோ மதக் கூட்டத்துக்கோ வந்தவர்களாக இருந்திருந்தால் யாராவது சிரித்திருப்பார்களா? 2001ன் கட்டுரையும் 2003ன் தொடரும் செய்த வேலை இங்கேதான் முழுமையாகத் தெரிகிறது. பதின்மூன்று வருடங்கள் தொடர்ந்து ஒரு கூட்டத்தை நகைச்சுவையாகவே காட்டினால், அவர்களுக்கு ஆபத்து வரும்போதும் மக்களுக்குச் சிரிப்புத்தான் முதலில் வருகிறது.

மணல் பெட்டி வதந்தி

2021 டிசம்பரில் மிச்சிகனின் மிட்லண்ட் நகரப் பள்ளி வாரியக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, ஃபர்ரி மாணவர்களுக்காகப் பள்ளிக் கழிப்பறையில் பூனை மலம் கழிக்கும் மணல் பெட்டி வைத்திருக்கிறார்கள் என்றார். 2022 ஜனவரியில் கண்காணிப்பாளர் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று எழுத்தில் மறுத்தார். ஆனாலும் கதை மாநிலம் மாநிலமாகப் பரவியது. அந்த ஆண்டுத் தேர்தலுக்குள் குறைந்தது 20 வேட்பாளர்களும் பதவியில் இருப்பவர்களும் இதைச் சொல்லியிருந்தார்கள் என்று என்பிசி செய்தி நிறுவனம் கணக்கெடுத்தது. ஒரு பள்ளியில்கூட அது உண்மையாக இல்லை.

ஒரே ஒரு பள்ளி மாவட்டத்தில் வகுப்பறைகளில் பூனை மணல் இருந்தது. கொலராடோவின் ஜெஃபர்சன் கவுண்டி. 1999ல் துப்பாக்கிச் சூடு நடந்த கொலம்பைன் பள்ளி அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. மறுபடி அப்படி நடந்து மாணவர்கள் மணிக்கணக்கில் வகுப்பறைக்குள் பூட்டிக்கொண்டிருக்க நேர்ந்தால், கழிப்பறைத் தேவைக்காக அவசர வாளியில் கொஞ்சம் மணலும் வைத்திருந்தார்கள்.

இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த வாளியைப் பற்றிப் பேச வேண்டிய சமூகம், இல்லாத பெட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. 2025ல் டெக்சாஸ் சட்டமன்றத்தில், முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஃபர்ரீஸ்' என்று வரும்படி பெயர் வைத்து ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். பள்ளியில் மிருகம்போல நடந்துகொள்வதைத் தடைசெய்ய. அது சட்டமாகவில்லை. ஆனால் கேள்வித்தாளும் ஆய்வும் இருபது வருடம் சேர்த்த அறிவு, சட்டமன்ற வாசல் வரைகூடப் போய்ச் சேரவில்லை என்பதற்கு அது சாட்சி.

கேட்காமலும் புரிந்துகொள்ளலாம்

2016 மார்ச்சில் கனடாவின் ரிச்மண்ட் நகர ஹோட்டலில் வான்கூஃபர் என்ற ஃபர்ரி மாநாடு. அதே ஹோட்டலில் சிரியாவிலிருந்து வந்த அகதிக் குடும்பங்களையும் தற்காலிகமாகத் தங்க வைத்திருந்தார்கள். ஏற்பாட்டாளர்கள் பதறிப்போய், அந்தக் குடும்பங்கள் இருப்பதை மனதில் வைத்து நடந்துகொள்ளுங்கள் என்று வந்தவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். நடந்தது வேறு. குழந்தைகள் ஓடிவந்து ரோமக் கரங்களைப் பிடித்துக்கொண்டார்கள், கட்டிப்பிடித்தார்கள், சேர்ந்து ஆடினார்கள். போரிலிருந்து தப்பி மொழி தெரியாத நாட்டுக்கு வந்த குழந்தைகள், பெரிய நாயைப் பார்த்து இது எதற்கு என்று கேட்கவில்லை.

குழந்தைகள் மாதிரி இருங்கள் என்று முடித்துவிட்டால் அது சுலபமான நீதி. பெரியவர்களுக்குக் கேள்வி வரத்தான் செய்யும், வரவும் வேண்டும். எந்தக் கேள்வியை முதலில் கேட்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. நம் ஊரில் சீனப் புத்தாண்டுக்கு இரண்டு பேர் சிங்கத் தோலுக்குள் புகுந்து கம்பத்துக்குக் கம்பம் தாவுகிறார்கள். அவர்களிடம் நாம் கேட்பது, எத்தனை வருடப் பயிற்சி, தலை எவ்வளவு கனம், உள்ளே இருந்து எப்படிப் பார்க்கிறீர்கள் என்பவற்றைத்தான். உங்கள் மனநிலை சரியா என்று கேட்பதில்லை. சிங்கத்துக்குப் பின்னால் நூற்றாண்டுகளும் ஒரு சமூகமும் நிற்கின்றன. நீல ஓநாய்க்குப் பின்னால் நிற்பது நாற்பது வருடமும், தபாலில் ஓவியம் அனுப்பிக்கொண்ட சில நூறு பேரும். மரபின் வயது குறைவு என்பதைத் தவிர வேறு பெரிய குற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கான்ஃபரன்ஸ் சீரோவுக்கு வந்த 65 பேரை நடத்திய மார்க் மெர்லினோ 2024ல் காலமானார். ஃபிரெட் பாட்டன் 2018லேயே போய்விட்டார். அந்த முதல் தலைமுறை ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்தமுறை ஒரு மண்டபத்தில் ரோமத் தலை ஒன்று எதிரே வந்தால், கூட நிற்கும் நண்பரிடம் "தலை யார் செஞ்சது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நீண்ட பதில் கிடைக்கும். உள்ளே இருப்பவருக்கு அவசரம் இருக்கலாம், சூடு அதிகம். கொஞ்சம் வழி விடுங்கள்.